ஐந்து அறிகுறிகளும் ஐம்பது நெடுவரிசைகளும்

பெங்களூர் பெல்லாரி சாலையில் உள்ள தேசியக் காசநோய் நிறுவனம், 1961 முதல் 1968 வரை அன்றைய பெங்களூர் மாவட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. காசநோய் மருந்து ஊர்ப்புறங்களுக்குச் சரியாக எட்டாத காலம் அது. சளியில் கிருமி இருப்பது உறுதியான 126 பேரை ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது 62 பேர் இறந்திருந்தார்கள். 23 பேரின் சளியில் கிருமி அப்படியே இருந்தது. மீதி 41 பேருக்கு நோய் தானாகவே அடங்கியிருந்தது. 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த இந்தக் கணக்கை, மருந்தில்லாமல் விட்டால் காசநோய் என்ன செய்யும் என்பதற்குச் சான்றாக இன்றும் பல நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பாதிப் பேர் இறந்தார்கள், மூன்றில் ஒருவர் பிழைத்தார் என்று படித்ததுமே மனம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. யார் பிழைப்பார், யார் போய்விடுவார் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க முடியுமா? எதைப் பார்த்துச் சொல்வது? வயதையா, எடையையா, இருமல் தொடங்கி எத்தனை மாதம் ஆயிற்று என்பதையா, வீட்டில் சோற்றுக்கு வழி இருந்ததா என்பதையா?

இறப்பு நேருமா என்பதோடு எப்போது நேரும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வகைக் கணக்குக்கு உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு என்று பெயர். மற்றக் கணக்குகளில் இல்லாத ஒரு சிக்கல் இதில் உண்டு. ஆய்வு முடியும் நாளில் பலர் உயிரோடு இருப்பார்கள். சிலர் நடுவில் ஊர் மாறிப் போயிருப்பார்கள். அவர்களைப் பற்றி ‘இந்தத் தேதிவரை உயிரோடு இருந்தார்’ என்பது மட்டுமே தெரியும். அந்த அரைகுறைத் தகவலையும் வீணாக்காமல் சேர்த்துக்கொள்ள 1958இல் கப்லான், மையர் என்ற இரு புள்ளியியலார் ஒரு வழி சொன்னார்கள். 1972இல் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் காக்ஸ், வயது, எடை, நோயின் கட்டம் போன்ற ஒவ்வொன்றும் இறப்பின் வேகத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று ஒரே சமன்பாட்டில் மதிப்பிடும் முறையைக் கொடுத்தார். புள்ளியியலார் ‘மாறி’ என்று சொல்லும் இந்தக் காரணிகளை எத்தனை வேண்டுமானாலும் அதில் அடுக்கலாம். அன்று பெரிய கணினி இருந்தால்தான் முடிந்த வேலை, இன்று மடிக்கணினியில் ஒரு நொடி. வேலை எளிதாகிவிட்டதால் ஒரு தவறான பழக்கமும் வேரூன்றிவிட்டது. எந்த மாறி முக்கியம் என்பதைக் கணினியே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். இது தவறு என்பதே என் வாதம். மாறிகளைத் தேர்வது, தரவைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே நோயை அறிந்தவர்களும் அந்தக் கணக்கைக் கையில் வைத்து வேலை செய்யப் போகிறவர்களும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மருத்துவப் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் தொடங்கிப் பெரிய இதழ்கள்வரை பரவலாக இருக்கும் முறை இது: கேஸ் ஷீட்டில் இருக்கும் முப்பது, நாற்பது விவரங்களையும் எக்செல் தாளில் நெடுவரிசைகளாக ஏற்றுவது; ஒவ்வொன்றையும் தனித்தனியே இறப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது; ‘பி மதிப்பு’ என்ற அளவுகோலில் தேறியவற்றை மட்டும் எடுத்து, மறுபடி ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுவது; அதிலும் தேறியவை ‘முக்கியக் காரணிகள்’ என்று முடிவுரையில் எழுதுவது. இந்த முறையின் ஓட்டையை டேவிட் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் புள்ளியியலார் 1983இலேயே காட்டிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது உயிர்பிழைப்புத் தரவு அல்ல, சாதாரணத் தொடர்புப் போக்குச் சமன்பாடு. ஆனால் நோய் ஒன்றுதான். கணினியை விட்டு முழுக்க முழுக்கத் தற்செயலான எண்களை உண்டாக்கினார்: 100 வரிசை, 50 மாறி, ஒரு விளைவு. எதற்கும் எதோடும் எந்த உறவும் கிடையாது. முதல் சுற்றில் தளர்வான அளவுகோல் வைத்து வடிகட்டியதில் 15 மாறிகள் நின்றன. அந்த 15ஐ மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டபோது, அவற்றில் 6 மாறிகள் ஆய்வுலகம் ஏற்கும் 5 விழுக்காட்டு அளவுகோலிலேயே ‘முக்கியமானவை’ என்று வந்து நின்றன. வெறும் குப்பையிலிருந்து ஆறு கண்டுபிடிப்புகள். வடிகட்டிய கையாலேயே தேர்வும் நடத்தினால் தேறக்கூடாததும் தேறிவிடும். முதல் சுற்றில் தற்செயலாக நன்றாகத் தெரிந்ததைத்தானே இரண்டாம் சுற்றுக்கு அனுப்புகிறோம்?

உயிர்பிழைப்புத் தரவில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். காரணம், இங்கே தகவலின் அளவைத் தீர்மானிப்பது நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல, இறப்புகளின் எண்ணிக்கை. 1,000 பேரைச் சேர்த்துவிட்டோம் என்று ஓர் ஆய்வுக் குழு பெருமைப்படலாம். அதில் 40 பேர்தான் இறந்தார்கள் என்றால், கணக்கின் பலம் பெரும்பாலும் அந்த நாற்பதில்தான் இருக்கிறது. ஒரு மாறிக்குக் குறைந்தது பத்து இறப்பாவது வேண்டும் என்று 1990களின் நடுவிலிருந்து ஒரு தோராய விதி புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பின்னாளில் பலர் திருத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் பத்து போதாது, சில இடங்களில் அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள நல்ல விதி. பெங்களூர்க் கிராமங்களின் அந்த 62 இறப்புகளை இதில் வைத்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய களப்பணி, எட்டு ஆண்டு உழைப்பு. அது தாங்கக்கூடியது ஏறக்குறைய ஆறு மாறிகளைத்தான். நாற்பது மாறிகளை அதன் தலையில் ஏற்றினால் கணக்கு வரும், அச்சுப் பிரதியும் வரும். பக்கத்து மாவட்டத்தில் அடுத்த ஆண்டு அதே பட்டியல் வராது.

பட்டியல் ஏன் மாறுகிறது என்பதற்கு மார்பகப் புற்றுநோய் ஆய்வுகள் தெளிவான சான்று. 2002இல் நெதர்லாந்துக் குழு ஒன்று, ஆயிரக்கணக்கான மரபணுக்களிலிருந்து 70ஐத் தேர்ந்து, புற்று வேறிடத்துக்குப் பரவுமா என்று கணிக்கும் ‘கையொப்பம்’ என்று வெளியிட்டது. அது பின்னாளில் நோயாளிகளிடம் பயன்படும் சோதனையாகவும் வளர்ந்தது. ஆனால் 2005இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் அதே தரவில் நோயாளிகளை மாற்றி மாற்றிக் குலுக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு மரபணுப் பட்டியல் வந்தது. கணிப்புத் திறன் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2011இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெனேயும் சகாக்களும் இன்னும் ஒரு படி போனார்கள். மரபணுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்ட தொகுப்புகளும், புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத தொகுப்புகளும்கூட மார்பகப் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பதோடு ‘தொடர்பு’ காட்டின. சாப்பிட்ட பிறகு சிரிப்பதால் இரத்த அணுக்களில் மாறும் மரபணுக்களின் தொகுப்பும் அவற்றில் ஒன்று. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்ற ஒரே செய்தி ஆயிரக்கணக்கான மரபணுக்களில் பரவிக் கிடக்கிறது; எதைத் தொட்டாலும் அதன் எதிரொலி கேட்கும். சேர்ந்தே ஏறி இறங்கும் மாறிகளில் எது ‘முக்கியம்’ என்று கணினி சொல்வது, ஒரே ஊருக்குப் போகும் பத்து பேருந்துகளில் முதலில் கண்ணில் பட்டதைக் காட்டுவது போலத்தான். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்ற சோதனையை இதோடு ஒப்பிடலாம். மருத்துவமனையில் ஏற்கெனவே மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருக்கும் திசுவில் ஐந்தே புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து, அதனோடு கட்டியின் அளவு, தரம், நிணநீர்க் கணுவில் பரவல் என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்கிறது. இந்தப் பழைய மூன்றும் மரபணு யுகத்திலும் இருக்கையை விட்டு எழவில்லை.

தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நல்ல சான்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தைத் தொடங்கியது. காசநோய் என்று தெரிந்த வயதுவந்தவர் ஒவ்வொருவரிடமும் ஐந்தே விஷயங்கள் பார்க்கப்படுகின்றன. எடையும் உயரமும் எடுத்து உடல் நிறைக் குறியெண் கணக்கிடுகிறார்கள். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டு காலிலும் வீக்கமா என்பது முக்கியம். மூச்சை எண்ணுகிறார்கள். விரல் நுனியில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி ஆக்சிஜன் அளவைக் குறிக்கிறார்கள். கடைசியாக, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இரத்தப் பரிசோதனை இல்லை, எக்ஸ்ரே இல்லை, அறிக்கைக்காகக் காத்திருப்பது இல்லை. சுகாதாரப் பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். ஆபத்து என்று தெரிந்தால் மருத்துவர் முழுமையாகச் சோதித்து, தேவைப்படுபவரை உள்நோயாளியாகச் சேர்க்கிறார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் சேர்ந்த பிறகுதான், 2025இல், இந்த ஐந்து அறிகுறிகளை வைத்து ஒருவர் இறக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று சொல்லும் கணிப்பு முறை திட்டத்தின் செயலியில் சேர்க்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மாறிகள் முதலில், அவற்றுக்கான எண்கள் பிறகு. வயதுக்கும் சர்க்கரை நோய்க்கும் இறப்போடு தொடர்பு இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. ஆனால் ‘இவரை இன்றே படுக்கையில் சேர்க்க வேண்டுமா’ என்ற கேள்விக்கு, மூச்சு வாங்குவதும் நிற்க முடியாததும் தரும் பதிலை வயது தராது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் காசநோயால் இறக்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்த முதல் நாள் கேள்வியின் எடை விளங்கும்.

ஒரு மாறி முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வசதிக்காக மட்டும் வைப்பது அல்ல. கணக்கின் நேர்மையும் அதில்தான் இருக்கிறது. ஆஸ்கர் விருது பெற்ற நடிகர்கள் மற்ற நடிகர்களைவிட 3.9 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001இல் ஓர் ஆய்வு வந்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. விருது வாங்கும்வரை ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டும், அந்த ஆண்டுகளையும் விருதின் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள் என்று 2006இல் மறு ஆய்வு காட்டியது. சரியாகக் கணக்கிட்டதும் அந்த நீட்சி பெருமளவு கரைந்துவிட்டது. ‘ஆறு மாதச் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள்’ என்று எழுதும்போது நாமும் அதே பிழையைச் செய்கிறோம். மூன்றாம் மாதத்தில் இறந்தவர் சிகிச்சையை எப்படி முடித்திருப்பார்? எடை கூடுவதும் அப்படிப்பட்ட மாறிதான். மங்களூரு யெனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளுக்குச் சத்துணவு கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது என்ற அதன் முடிவு, அரிசியும் பருப்பும் மருந்தளவுக்கு முக்கியம் என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது. சிகிச்சையின் போக்கில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பயனுள்ள மாறி இல்லை. ஆனால் முதல் நாள் கணிப்பில் அதற்கு இடம் கிடையாது. நாளுக்கு நாள் மாறும் எண்ணை நாளுக்கு நாள் மாறுவதாகவே கணக்கில் ஏற்ற வேண்டும். முன்பே தெரிந்தது போல ஏற்றினால் உயிரோடு இருந்ததன் பலனை எடையின் பலனாக எழுதிவிடுவோம்.

மாறிகளை முன்கூட்டியே தேர வேண்டும் என்பதற்கு எதிராக வலுவான மறுப்பு உண்டு. குறிப்பாகப் பெங்களூரில், இயந்திரக் கற்றலில் பயின்ற இளைஞர்கள் நிறைந்த ஊரில், அது நிச்சயம் எழும். ‘மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே கணக்கில் போட்டால் புதிதாக எதைக் கண்டுபிடிப்பது? லாஸோ, ரேண்டம் ஃபாரஸ்ட் என்று எத்தனையோ முறைகள் வந்துவிட்டனவே?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். தேவையற்ற மாறிகளின் எடையைச் சுருக்கிச் சுழியாக்கும் லாஸோ முறையை 1997இல் ராபர்ட் டிப்ஷிரானி காக்ஸ் சமன்பாட்டுக்கும் கொண்டுவந்தார். பழைய வடிகட்டும் பழக்கத்தைவிட அது எவ்வளவோ மேல். மாறிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் மரபணுத் தரவில் அப்படியொரு கருவி இல்லாமல் நகரவே முடியாது. ஆனால் சேர்ந்து ஏறி இறங்கும் இரண்டு மாறிகளில் லாஸோவும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. நோயாளிகளைச் சற்று மாற்றினால் பிடித்ததை விட்டு விட்டதைப் பிடிக்கிறது. ஆகவே புதியதைத் தேடும் ஆய்வு தன்னைத் தேடல் என்றே சொல்லிக்கொள்ள வேண்டும். அதே தரவிலிருந்து நோயாளிகளை மறுபடி மறுபடி குலுக்கி எடுத்து, ஐந்நூறு முறை கணக்கிட்டு, எந்த மாறி எத்தனை முறை பட்டியலில் வந்தது என்று அச்சிட வேண்டும். ஐந்நூறில் நானூற்று எண்பது முறை வந்ததும் இருநூறு முறை வந்ததும் ஒன்றல்ல. பிறகு வேறொரு மருத்துவமனையின் தரவில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றைக் கடக்காத ஒரு பட்டியலை வைத்து, ஒருவருக்குப் படுக்கை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இரண்டாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. முன்கூட்டியே தேர்வதென்றால் தேர்பவரின் பார்வைக்குள் இருப்பது மட்டும்தானே உள்ளே வரும்? மருத்துவர் நுரையீரலைப் பார்ப்பார், கூலியைப் பார்க்க மாட்டார். உண்மை. ஆனால் இந்தக் குறையைக் கணினியாலும் தீர்க்க முடியாது. கேஸ் ஷீட்டில் இல்லாத நெடுவரிசையை எந்த முறையாலும் முக்கியம் என்று சொல்ல முடியாது. அது மட்டுமல்ல, பதிவான விவரமே நம்மை ஏமாற்றும் இடமும் உண்டு. கலபுரகியிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ ஒருவர் பெங்களூர்ப் புற்றுநோய் மருத்துவமனைக்கு இரவு ரயிலில் வந்து இரண்டு முறை சிகிச்சை எடுத்துக்கொண்டார், மூன்றாம் முறை வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டில் இறந்துபோனது மருத்துவமனைக்குத் தெரியாது. கோப்பில் அவர் ‘கடைசியாக உயிரோடு பார்க்கப்பட்டவர்’. பெங்களூர் ஜெயநகரிலேயே இருப்பவர் இறந்தால் செய்தி வந்துவிடும். இந்தத் தரவை அப்படியே கணக்கில் ஏற்றினால், தொலைவில் இருப்பவருக்கு ஆபத்துக் குறைவு என்ற முடிவுகூட வரலாம். எந்த மென்பொருளும் அதைத் தடுக்காது. பெங்களூர், சென்னை, மும்பை மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் 1980களின் தொடக்கத்தில் தேசியத் திட்டத்தின் கீழ் வந்தபோதே இந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது. கித்வாய் புற்றுநோய் நிறுவனத்தில் இயங்கிய பெங்களூர்ப் பதிவேட்டின் கருப்பை வாய்ப் புற்று ஆய்வு 1995இல் வெளியானது. நோயாளிகளின் வீடுகளுக்கே ஆள் அனுப்பி, இருக்கிறாரா இல்லையா என்று கேட்டு எழுதிய தரவு அது. வரும்போது நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதே உயிர்பிழைப்பை மற்ற எதையும்விடத் தெளிவாகச் சொல்கிறது என்ற அதன் முடிவை நம்ப முடிவதற்குக் காரணம், அந்த வீட்டுப் படிகளை ஏறியவர்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் ஆர். சுவாமிநாதனும் சகாக்களும் 2008இல் காட்டியதும் இதையே: தேடிப் போகாமல் விட்டால் உயிர்பிழைப்பு விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டமோ நிதியோ வேண்டாம். கர்நாடகத்தில் மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர்கள், ஆய்வைத் தொடங்கும் முன்பே ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். நெறிமுறைக் குழுவும் அதைப் பார்க்கிறது. உயிர்பிழைப்பு ஆய்வு என்றால் அந்தச் சுருக்கத்தில் ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கலாம். எந்தெந்த மாறிகள், ஒவ்வொன்றும் ஏன், நோயாளியின் எந்த நாளில் அது தெரியவரும், எத்தனை இறப்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன, வராமல் போனவர்களை யார் தேடிப் போவார்கள். கணிப்பு முறைகளை எப்படி எழுத வேண்டும் என்று 2015இல் வந்து, செயற்கை நுண்ணறிவுக்காக 2024இல் புதுப்பிக்கப்பட்ட ‘டிரைபாட்’ என்ற பன்னாட்டு நெறிமுறை, கட்டுரை எழுதும் கட்டத்தில் இவற்றில் பலவற்றைக் கேட்கிறது. கட்டுரை எழுதும்போது கேட்பது தாமதம். அதற்குள் தரவு திறந்து பார்க்கப்பட்டுவிடும், நினைவும் முடிவுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: முக்கியம் என்று நினைத்தும் கேஸ் ஷீட்டில் இல்லாததால் சேர்க்க முடியாமல் போன மாறிகள் எவை? மருத்துவமனைக்கு வர எத்தனை பேருந்து மாற வேண்டியிருக்கிறது, ஒரு நாள் வந்தால் எவ்வளவு கூலி போகிறது, கூட வர வீட்டில் யார் இருக்கிறார்கள். பத்து மாணவர்கள் அந்த வரியில் ஒரே பதிலை எழுதினால், புறநோயாளிப் பதிவுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை அடுத்த மாதமே அச்சிட்டுவிடலாம்.